கட்டைவிரல் காத்த துறை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நோயை விரட்டிய ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழுது என்ற ஒன்றையே தன் வாசலை மிதிக்க விடாமல் விரட்டியடித்த ஒரு கணினித் துறையைப் பற்றிச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். மனித குலம் அடைந்த பேறுகளில் அது ஒன்று. கேளுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பட்டப்பகலிலும் குளிரில் விரல் விறைக்கும் ஓர் அறை. நடுவில் ஆள் உயர இரும்பு அலமாரி. அதில் தட்டுத் தட்டாகச் செருகியிருந்த பெட்டிகளில் ஒன்றுதான் ஸ்கேன் சர்வர். அங்கே வந்துபோன அத்தனை பேரின் வயிறும் மூளையும் முதுகெலும்பும் படமாக அதற்குள் கிடந்தன. முகப்பில் அக்கம்பக்கமாக இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று படுத்துவிட்டால் மற்றது தனியாகச் சுமக்கும். படுத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால், நல்லது தனக்குத் தெரிந்ததையெல்லாம் புதியதற்குச் சொல்லிக்கொடுத்துவிடும். நல்லதற்கு விளக்கு பச்சை. படுத்ததற்கு மஞ்சள். ஒரு யந்திரம் மனிதனிடம் இதைவிடப் பளிச்சென்று பேச முடியாது.

ஒருநாள் இடது டிஸ்க் மஞ்சளாக எரிந்தது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் சர்வர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். பயந்த சுபாவம். மூச்சிரைக்க மாடியேறித் துறை இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னார். இயக்குநருக்கு முகம் வெளுத்தது. டிஸ்க் போனதற்காக அல்ல. ஆய்வுக் குழு வரப்போகிறது. வாசலில் 'பழுதற்ற துறை' என்று பலகை மாட்டி, அதற்கு விளக்கும் போட்டாகிவிட்டது.

"மஞ்சள்னா என்ன அர்த்தம்?" என்றார்.

"பழுதுன்னு அர்த்தம், சார்."

"நம்ம துறையில பழுது கிடையாது. அப்ப அதுக்கு வேற ஏதோ அர்த்தம் இருக்கணும். யோசிங்க."

யோசிக்க ஒரு கூட்டம் கூட்டினார்கள். அறிவு ஆறாக ஓடிய கூட்டம் அது. மஞ்சள் என்பது 'பச்சையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும் நிறம்' என்று முதலில் முடிவாயிற்று. அது போய்ச் சேரும்வரை அதற்கு ஒரு 'கைத்தாங்கல்' தருவது துறையின் கடமை என்று அடுத்து முடிவாயிற்று. கைத்தாங்கல் என்றால் வேறொன்றுமில்லை, பரிசுப் பொட்டலத்தில் சுற்றுகிற பச்சைக் கண்ணாடித் தாள். அதை நகக்கண் அளவுக்கு வெட்டி, விளக்கின்மேல் கோணாமல் ஒட்டியவர் சர்வர்காரரேதான். கையில் நல்ல நிதானம் அவருக்கு. படங்களுக்கு இன்னொரு நகல் இருக்கிறதா என்றும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேறு போல்டரில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது. அதே சர்வருக்குள், 'பத்திரம்' என்ற பெயரில்.

புது டிஸ்க்குக்கும் சொல்லி வைத்தார்கள். அது ஆய்வுக் குழு வந்த அன்றைக்கே வந்து சேர்ந்தது.

இனி, சர்வர்காரரின் அக்கா. தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவள். அப்போது அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், வயிற்றில் ஒரு கட்டியோடு படுத்திருந்தாள். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கட்டி வளர்ந்திருந்தால் கத்தி வைப்பார். வளரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்று காலை தம்பி எட்டிப் பார்த்தபோது அவள் கேட்டாள்.

"டேய், என் வயித்துப் படமெல்லாம் உங்கிட்டதான் இருக்காமே. போன வருஷத்துதும் இருக்கா?"

"ரெண்டும் பத்திரமா இருக்குக்கா."

"செருப்பை எடுத்துட்டு வாடான்னா ஒத்தையாக் கொண்டுவந்து நிப்பியே, அந்த மாதிரி ஆயிடப் போகுது."

அவர் சிரித்தார். அவள் படங்கள் இரண்டும் ஒற்றை டிஸ்க்கின்மேல் நிற்பது அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் புது டிஸ்க்தான் வந்துவிட்டதே. இடதை உருவிப் புதியதைச் செருகினால் கவலை விட்டது. கீழே இறங்கினார்.

கீழே விழாக் கோலம். பழுதே இல்லாத துறையில் பழுதான பாகத்தை எப்படி மாற்றுவது? அதனால் அதற்குப் 'புத்துணர்வு வைபவம்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஆய்வுக் குழுத் தலைவி முன்வரிசையில் நின்றார். புகைப்படக்காரர் இருந்தார். மரவேலை பார்ப்பவர் துளைபோடும் யந்திரத்தோடு தயாராக நின்றார். கழற்றிய டிஸ்க்கைச் சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே துளைத்துவிட வேண்டும், நோயாளிகளின் அந்தரங்கம் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மிக நல்ல விதி. அந்தத் துறையில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட விதியும் அது ஒன்றுதான்.

இயக்குநர் கையுறை மாட்டிக்கொண்டு அலமாரியின் இடப்பக்கம் வந்தார். சர்வர்காரருக்கு உயிர் வந்தது. அப்போது புகைப்படக்காரர், "சார், இந்தப் பக்கம் நின்னா நிழல் விழுது. வலது பக்கமா வந்தா முகம் எடுப்பா வரும்" என்றார்.

இயக்குநர் வலப்பக்கம் போனார். வலது டிஸ்க்கில் கை வைத்தார்.

"சார், இடது பக்கம்..." என்றார் சர்வர்காரர்.

"இடது பக்கம் என்ன? ரெண்டும் பச்சையாத்தானே எரியுது?"

நடிப்புக்குக் கேட்கவில்லை, கண்ணுகளா, மனசார நம்பித்தான் கேட்டார். தான் ஒட்டச் சொன்ன பச்சையைத் தானே நம்பும் அளவுக்கு அவர் உயர்ந்துவிட்டிருந்தார். அந்த உயரத்துக்கெல்லாம் நீங்களும் நானும் எப்போது போகப்போகிறோம். ஆய்வுக் குழுத் தலைவி திரும்பிச் சர்வர்காரரைப் பார்த்தார். சர்வர்காரரின் வாயில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது வெளியே வந்தால் பலகை இறங்கும், இயக்குநர் இறங்குவார், தாளை ஒட்டிய கையும் கேள்விக்கு வரும்.

"இடது பக்கம் தூசி, சார்" என்றார். கைக்குட்டையை எடுத்து, இல்லாத தூசியைத் துடைத்தார்.

துடைத்த வேகத்தில் பச்சைத் தாளின் ஓரம் பெயர்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. அவர் சட்டென்று கட்டைவிரலால் அதை அமுக்கிக்கொண்டார். அப்படியே நின்றார். இயக்குநர் புன்னகையோடு வலது டிஸ்க்கை உருவினார். கேமரா மின்னியது. கைதட்டினார்கள்.

சர்வர் வாய்விட்டு அலறியது.

"புதுசு வர்ற சந்தோஷம், பழகிடும்" என்று இயக்குநர் விளக்கம் சொல்ல, தலைவி தலையாட்டினார். மரவேலைக்காரர் தன் வேலையை முடித்தார். டிஸ்க்கின் நடுவில் வட்டமாக ஓட்டை விழுந்தது. புதியதைச் செருகினார்கள். அதற்குச் சொல்லிக்கொடுக்க உள்ளே உயிரோடு யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் பிரிவிலிருந்து போன் வந்தது. எந்தப் படமும் வரவில்லையாம். 'பத்திரம்' போல்டரும் வரவில்லையாம்.

துறை தந்த அறிக்கையைப் போல நேர்த்தியான எழுத்தை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். விதிப்படி அகற்றினோம், விதிப்படி துளைத்தோம், விதிப்படி பொருத்தினோம், பழுது எதுவும் ஏற்படவில்லை, சர்வர் 'நிரந்தர ஓய்வில்' இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பலகை அதே இடத்தில் தொங்கியது.

மூன்றாம் மாடியில் டாக்டர் கையை விரித்தார். இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கலாம். போன வருஷத்து வயிற்றை எங்கே போய் எடுப்பது? இப்போதே வெட்டித் திறந்து பார்க்கலாம், அது வீணாகவும் போகலாம். இல்லையென்றால் மாசக்கணக்கில் காத்திருந்து வளருகிறதா என்று பார்க்கலாம், அதற்குள் முற்றியும் போகலாம். எது வேண்டுமென்று அவளே சொல்ல வேண்டும் என்றார்.

சர்வர்காரர் மறுநாள்தான் மாடியேறினார். அக்கா படுக்கையில் இல்லை. நடைபாதையில், புதிதாக மாட்டியிருந்த ஒரு பெரிய படத்தின் முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படத்தில் இயக்குநரின் முகம் எடுப்பாக விழுந்திருந்தது. ஓரத்தில் சர்வர்காரர், அலமாரியில் கையூன்றி. கீழே 'துறைக்குத் தோள் கொடுக்கும் ஊழியர்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் விழுந்திருக்க" என்றாள் அக்கா. "அது என்னடா, கட்டைவிரலால எதையோ அமுக்கிட்டு நிக்கிற?"

அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"விளக்குக்கா."

"என்ன விளக்கு?"

"இது கெட்டுப்போச்சுன்னு சொல்ற விளக்கு."

அக்கா படத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப பொட்டி ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு" என்றாள். "நீதான் அது வாயைப் பொத்தியிருக்க."

சரி, எழுந்திருங்கள், கண்ணுகளா. பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டில் எது நொந்தாலும் அதைச் சொல்ல ஒரு வாயும் கேட்க ஒரு காதும் குறையாமல் இருக்கட்டும். அந்த வாயைப் பொத்தும் கட்டைவிரல் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் முளைக்காதிருக்கட்டும்.