மார்ச் பத்தொன்பதின் ஐந்தாவது அட்டை

இசை எங்கே வாழ்கிறது என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வானொலி நிலையத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில், முந்நூற்று அறுபத்தாறு இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரிக்குள் அது பத்திரமாக இருக்கிறது. அதைக் காப்பவருக்கு நிலையத்தார் வைத்த பெயர் 'நாள்காட்டியார்'. கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டதால் வைத்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

அலமாரி இயங்கும் விதம் எளியது, அழகானது. நாளுக்கு ஓர் இழுப்பறை. பாடகர் பிறந்தால் பச்சை அட்டை, இறந்தால் வெள்ளை, இசைத்தட்டு வெளிவந்தால் நீலம், இசைக்குழு உடைந்தால் சிவப்பு. தினமும் காலை பத்து மணிக்கு அன்றைய இழுப்பறையிலிருந்து ஐந்து அட்டைகள் 'இதே நாளில் இசை' நிகழ்ச்சிக்குப் போகும். பச்சைக்கு மதிப்புக் குறைவு. பிறப்பதில் யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. வெள்ளைக்கு மரியாதை உண்டு. சிவப்புதான் ராஜா. அதை வாசித்த அன்று நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, யார் மேல் தப்பு என்று விசாரிப்பார்கள். ஐந்து அட்டைகளையும் இடையே விளம்பரங்களையும் வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் சரியாக இருக்கும். பாட்டு எதுவும் போடுவதில்லை. வரலாற்றை உன்னிப்பாகக் கேட்பவர்களின் கவனத்தை எதற்குக் கலைக்க வேண்டும்?

இப்பேர்ப்பட்ட அலமாரியில் மார்ச் பத்தொன்பதாம் தேதிக்கு நாலே அட்டைகள். அதிலும் ஒன்று, ஒரு பாடகருக்கு ஜலதோஷம் பிடித்துக் கச்சேரி தள்ளிப்போன செய்தி. ஒரு வாரம் முன்னதாகவே இயக்குநர் நாள்காட்டியாரைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்யா, அன்னைக்கு உலகத்துல ஒருத்தர்கூடவா சாகல?"

"செத்திருப்பாங்க சார். தேதி ஊர்ஜிதம் ஆகல."

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவர் தங்கை தன் வழக்கமான கோரிக்கையை எடுத்தாள். நாலு வருடமாக அவளும் இரண்டு நண்பர்களும் ஒரு கார் கொட்டகையில் பாடிப் பழகுகிறார்கள். ஒரே ஒரு பாட்டைப் பதிவும் செய்திருக்கிறார்கள். அது ஒருமுறை வானொலியில் வந்துவிட்டால் போதும், அவள் வேறெதுவும் கேட்கமாட்டாள். ஆனால் அலமாரியில் அட்டை உள்ளவர்களின் பாட்டைத்தான் நிலையம் ஒலிபரப்பும். விதி அப்படி. நாள்காட்டியார் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் பத்தொன்பதாம் தேதி பிரிஞ்சுடுங்கம்மா."

"எதுக்குண்ணா? நாங்க நல்லாத்தானே இருக்கோம்?"

"அதுதான் பிரச்சினை. நல்லா இருக்கிறதுக்கு அட்டை கிடையாது."

அன்று காலையிலேயே பிரிந்தாலும் 'இதே நாளில்' என்பதில் அடங்கிவிடும், நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டைப் போட்டுவிடலாம் என்று அவர் விளக்கினார். பெயருக்குப் பிரிவதுதானே என்று தங்கை நண்பர்களைச் சம்மதிக்கவைத்தாள்.

பத்தொன்பதாம் தேதி ஒன்பதரை மணிக்கு மூவரும் அலமாரி அறைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். டிரம்ஸ்காரர் எல்லோருக்கும் தேநீர்கூட வாங்கி வந்திருந்தார். நாள்காட்டியார் சிவப்பு அட்டையை எடுத்து நேரம், இடம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'கருத்து வேறுபாடு' என்றாள் தங்கை. என்ன கருத்து என்று கேட்டார் அவர். வரலாற்றில் மொட்டையாக எழுத முடியாதல்லவா?

ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று டிரம்ஸ்காரர், கீபோர்டுக்காரர் எந்தப் பாட்டையும் முடிக்கத் தெரியாமல் இழுப்பார் என்று சொன்னார். பகலில் பல் மருத்துவராக இருக்கும் கீபோர்டுக்காரரும் அதே நல்லெண்ணத்துடன், டிரம்ஸ் போடும் சத்தத்தில் இவள் பாடுவதே யாருக்கும் கேட்பதில்லை என்றார்.

"கேட்காம இருக்கிறது அவளுக்கு நல்லதுதானே," என்றார் டிரம்ஸ்காரர்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நாலு வருடம் சேர்த்துவைத்ததெல்லாம் பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. இவ்வளவு விவரமான பிரிவு நாள்காட்டியாரின் சர்வீஸிலேயே கிடைத்ததில்லை. அட்டையில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு டிரம்ஸ்காரர் இறங்கிப் போனார். அதே படியில் இறங்கக் கூடாதென்று பல் மருத்துவர் பின்பக்கப் படியைத் தேடிப் போனார்.

பத்து மணிக்கு அறிவிப்பாளர் ஐந்தாவது அட்டையைத் தழுதழுத்த குரலில் வாசித்தார். இயக்குநர் நேரில் வந்து நாள்காட்டியாரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பத்து பத்துக்கு விளம்பரம் வந்தது. பாட்டு வரவில்லை.

"பாட்டு எங்கண்ணா?"

உடைந்த குழுவின் பாட்டைப் போடுவதென்றால் எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும் என்று சொல்லி அவர் ஒரு படிவத்தை நீட்டினார். உடையாத குழுவுக்கு அந்த விதி கிடையாது.

"உடையாத குழுவுக்கு அட்டையே கிடையாதுன்னீங்களே?"

"ஆமாம்மா," என்றார் நாள்காட்டியார், பெருமை தாங்காமல். "ரெண்டு விதியும் எவ்வளவு கச்சிதமாப் பொருந்துது பாரு."

அப்போது தொலைபேசி ஒலித்தது. ஒரு நேயர் அம்மாள். நாள்காட்டியார் பிரிவின் நேரம், அறை, முதலில் இறங்கியவர், அவர் இறங்கிய படி எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "அது சரிங்க, அவங்க என்ன பாடினாங்க?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவர் அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்க பாட்டு எப்படிம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

தங்கை அவரை ஒரு கணம் பார்த்தாள். ரிசீவரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை. முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் நிமிர்ந்துகொண்டது. வாசலில் போன அறிவிப்பாளர் நின்றுவிட்டார். மறுமுனையில் அந்த அம்மாள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாள்காட்டியாரின் கால் மேஜைக்கடியில் தாளம் போட்டது. அதை அவரே ஆச்சரியமாகக் குனிந்து பார்த்தார்.

மூன்றாவது வரியில் அவருக்குக் கடமை ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், பத்து பதினாறு. 'முதல் தனிப்பாடல்' என்று ஒரு புது அட்டையில் எழுதினார். இன்றைய கணக்கில் ஐந்து ஆகிவிட்டது. பக்கத்து இழுப்பறையைத் திறந்து எண்ணினார். பிறகு இரண்டு விரலால் தொலைபேசி இணைப்பை மெதுவாக அழுத்தித் துண்டித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. மிச்சத்தை நாளைக்குப் பாடு. நாளைக்கு மூணு அட்டைதான் இருக்கு."