ஆப்பிரிக்கா கை நனைத்த கதை

ஆப்பிரிக்காவை ஒரு மூலை விடாமல் சுற்றிப் பார்த்த கல்யாணத் தரகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சங்கரன்கோவிலில் இருந்தார். மதுரைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை. சுற்றியதெல்லாம் செல்போனில்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியாது. பூ மார்க்கெட்டில் யாருக்குமே தெரியாது. ஆப்பிரிக்கா என்று கேட்டால் கை காட்டுவார்கள். காலையில் நான் கமிஷன் கடையைத் திறந்து பிச்சிப்பூ மூட்டையை அவிழ்க்கும்போதே வந்து, காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். செல்போனுக்குள் வெள்ளைக்காரன் கப்பலில் போய்க்கொண்டிருப்பான். அந்தச் சத்தத்தில் எங்கள் ஏலச் சத்தம் கேட்காது.

"அக்கா, இந்தப் போர்ச்சுக்கல்காரன் தலைமுறை தலைமுறையா ஆப்பிரிக்காக் கரையையே தடவிக்கிட்டுப் போயிருக்கான். உள்ளே கால் வைக்கலே. மேப்புலே ஓரத்துலே மட்டும் கோடு, நடுவுலே வெறும் வெள்ளை. போற வழியிலே முனைக்கு முனை ஒரு கல்தூணை நட்டு வச்சுட்டுப் போயிருக்கான்."

"எதுக்காம்?"

"இதுவரைக்கும் வந்தாச்சுங்கிற அடையாளத்துக்கு. அதுக்குப் பொறவு வந்தவன்தான் ஆத்தைப் புடிச்சு உள்ளே போயி, மலை, ஏரி எல்லாத்தையும் கண்டுபிடிச்சான்."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க எழுத்து எதற்கு?

"அங்கன குடியிருந்தவனுக்குத் தெரியாத மலையாவே அது? நான் உம்ம வீட்டுக்கு வந்து, அடுப்படியைக் கண்டுபிடிச்சுட்டேன்னு சொன்னா உம்ம பொண்டாட்டி சும்மா விடுவாளா?"

"அவளைக் கண்டா வெள்ளைக்காரன் கப்பலைத் திருப்பியிருப்பான், அக்கா" என்றார்.

கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. தரகுத் தொழிலையும் அதே வழியில் நடத்தினார். பெண் வீட்டுக்குள் நேராகப் போகமாட்டார். முதலில் கரை. மளிகைக்கடை, மாவு மில், அயர்ன் வண்டி, டீக்கடை என்று வீட்டைச் சுற்றி நாள் கணக்காக விசாரிப்பார். உள்நாடு பிறகுதான். குருவிகுளத்தில் ஒரு வீட்டை இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். மொய் எழுதிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரிடம் என் கடைசி மகன் ஜாதகத்தைக் கொடுக்க எனக்கு என்ன கிறுக்கா? வேறு வழி இல்லை. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வேண்டும். சேவல் கூவுமுன் எழுந்து பூ நிறுக்கிறவனை யார் கட்டுவாள்? அவன் முன்மண்டையில் முடி கொட்டிக்கொண்டே போனது. நான் யார் வீட்டு வாசலிலும் நின்று பெண் கேட்கிற ஆளில்லை. மற்ற தரகர்களெல்லாம் என் வாய்க்குப் பயந்து, என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருந்தது ஆப்பிரிக்காதான்.

வாசுதேவநல்லூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்றார். அனுப்பும்போதே சொன்னேன்.

"கரையைப் பார்த்துட்டுத் திரும்பி வாரும். தண்ணி வேணா குடியும். சோத்துலே மட்டும் கை நனைச்சிராதேயும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் மாப்பிள்ளை தரப்பு ஆள் சாப்பிட்டு எழுந்தால், எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதனால்தான் பிடிக்கும்வரைக்கும் காப்பியோடு எழுந்து வந்துவிடுவோம்.

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று பஸ் ஏறினார்.

அங்கே போனவர் தெருவைச் சுற்றினாரே, அதோடு நின்றாரா? வெள்ளைக்காரன் தூண் நட்ட மாதிரி, ஒவ்வொரு முக்கிலும் கரண்டு கம்பத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். களவாணிகள் வீடுகளுக்குக் குறி வைக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் வதந்தி. பெண்கள் விளக்குமாற்றோடு வந்து அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"ஏலே, எந்த ஊருலே நீ?"

"தாயி, நான் கரையை மட்டுந்தான் பாக்கேன். உள்ளே வரலே."

"பாத்தியாட்டி, எப்போ உள்ளே வரணும்னு கணக்குப் போடுதான்!"

பிடித்து ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அது அவர் விசாரிக்கப் போன பெண்ணின் வீடு. உச்சி வெயில், காலையிலிருந்து பட்டினி. அந்தப் பெண் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வாசனை மூக்கில் ஏறியதும் இவருக்கு வழக்கம், நான், ஆப்பிரிக்கா எல்லாம் மறந்துவிட்டது. மறுசோறும் வாங்கியிருக்கிறார். கை கழுவும்போதுதான் அந்தப் பெண்ணின் அப்பா வந்து, யார் என்ன என்று விசாரித்து, அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

மறுநாள் காலை வெற்றிலை, வாழைப்பழத் தட்டோடு ஒரு மனிதர் மார்க்கெட்டுக்குள் வந்து, "சம்பந்தி!" என்றார்.

"யாருக்கு யாரு சம்பந்தி?"

"உங்க தரப்பு ஆள் கை நனைச்சாச்சே!"

மார்க்கெட்டே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சாக்கு இருந்தது, ஆப்பிரிக்கா இல்லை. கேந்திப்பூக் குவியலுக்குப் பின்னால் அவர் வழுக்கை மட்டும் தெரிந்தது.

"நான் பொண்ணையும் பாக்கலே, வீட்டையும் பாக்கலே" என்றேன்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "இதுக்கு முன்னாலே வந்தவுகளெல்லாம் காப்பியோட போயிட்டாகம்மா. இப்போ கை நனைச்ச பொறவும் தட்டு திரும்பி வந்துச்சுன்னா, தெருவிலே என் மகளை என்ன பேசுவாகன்னு உங்களுக்கே தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்காக என் மகன் வாழ்க்கையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? "நாளைக்கு நானே வாரேன்" என்றேன்.

போனேன். சுற்றவில்லை, நேராக வாசல் வழி. ஆப்பிரிக்காவையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். அவர் உள்ளே வரப் பயந்து வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் கூச்சப்படாமல் எதிரே வந்து நின்றாள்.

"களவாணின்னு புடிச்ச ஆளுக்கு எதுக்குட்டி சோறு போட்டே?"

"களவாணிக்குப் பசிக்காதாம்மா?"

"போடுதப்போ அந்த ஆளு யாருன்னு தெரியுமா?"

"போடுதப்போ தெரியாது. ரெண்டாவது தடவை சோறு வைக்கப் போனப்போ எல்லாத்தையும் சொல்லிட்டாக. உங்க மகன் முடி கொட்டுறதைக் கூடச் சொன்னாக."

"என்னைப் பத்தி?"

அவள் தயங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "கரையெல்லாம் பாறை, கப்பல் வந்தா ஒடைஞ்சிரும்னாக. தாண்டி உள்ளே போயிட்டா நல்ல தண்ணின்னாக."

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"சரி, இலையைப் போடு" என்றேன். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை எடுக்க ஓடினார். "ரெண்டு இலையாப் போடச் சொல்லு. பாலத்துலே ஒரு ஆளு இருக்காரு."

எத்தனையோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காகவும் காத்திருந்ததில்லை. அன்றைக்குத்தான் சோறு ஆறட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்து இலைக்கு ஆள் வந்து உட்காரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.