மெமரி பத்தலை

விமானத்தை ஒழுங்காகத் தரையிறக்கிக் காட்டிவிட்டுத்தான் இனிமேல் பஸ் ஸ்டியரிங்கைத் தொடுவேன் என்று சபதம் செய்திருந்தார் டிரைவர். லேசுப்பட்ட சபதமல்ல. மனைவியின் தையல் மிஷின் மேல் ஓங்கி அடித்துச் செய்தது. கை இரண்டு நாள் வீங்கியிருந்தது.

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், நாற்பது பேரோடு வந்த பஸ் ஆஸ்பத்திரி முக்கில் இடது பக்கம் திரும்பவில்லை. நேரே போய், பாலம் ஏறி இறங்கி, பஸ்ஸே போகாத ஒரு தெருவில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "இது எந்த ரூட்டுப்பா?" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, பிரேக்கில் கோளாறு என்று சொன்னார். பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார்கள். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. டிப்போ மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. தெம்பா இருக்கும்போது வந்து ஒரு டெஸ்ட் ஓட்டிக் காட்டுங்க, போதும்" என்றார்.

வீட்டிலும் அவர் பிரேக் கதையைத்தான் சொன்னார். மனைவி நம்பிவிட்டாள் என்று அவரும் நம்பினார்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. விளையாட்டு என்றால் டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் இருபத்தெட்டு சுவிட்சுகளை வரிசை தவறாமல் போட வேண்டும். பேப்பரைப் பார்க்காமல் அத்தனையையும் போட்டு, ஏறி, பறந்து, இறங்கிவிட்டால் தலைக்குள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டெஸ்டுக்குப் போகலாம். இதுதான் அவருடைய ரகசியத் திட்டம்.

ஏறுவது ஏறிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. கீழே இருக்கிற ஊர், கட்டடம், விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் திரைக்கு வந்தாக வேண்டும். படம் வெட்டி வெட்டி வரும். பிறகு அப்படியே நின்றுவிடும்.

"ஏங்க, என்னாச்சு?" மிஷினை மிதித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஹேங் ஆயிடுச்சு."

"ஆகாசத்துல தொங்குதா? உள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இருநூறு பேர்."

"ஐயோ பாவம். சரி, சாப்பிட்டுட்டு வந்து இறக்குங்க."

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். மெமரி பத்தலை, அதான்."

மிஷின் நின்றது. "யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்குடி! எட்டு ஜிபிதான் இருக்கு, பதினாறாச்சும் வேணும். கிராஃபிக்ஸ் கார்டும் பழசு. புதுசு வாங்கலாம்னா மதர்போர்டு ஒத்துக்கணும்."

"எந்த வீட்ல மதர் ஒத்துக்கிட்டாங்க? உங்கம்மா போய்ச் சேர்ற வரைக்கும் என்னை ஒத்துக்கலையே."

"அதனாலதான் முதல்ல மெமரி, அதாவது ரேம். ரேம் போட்டா பாதிப் பிரச்சினை தீரும்."

"மகராசனா வாங்கிட்டு வாங்க. குடையை எடுத்துக்குங்க, வெயில் கொளுத்துது."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற மனைவி இவருக்கு எப்போது வாய்த்தாள்? யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்ப்யூட்டர் கடை, ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். டிரைவர் வாயைத் திறக்குமுன்பே கடைக்காரர் ஒரு ரேம் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைப் பார்த்தே சரக்கை எடுத்து வைக்கிற கடைக்காரர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

"நம்ம போர்டுக்குச் சேருமா?"

"கச்சிதமா சேரும் அண்ணே. ரெண்டு எட்டு."

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நீலச் சுண்ணப்பொடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. துணியில் அளவு குறிக்கிற தையல் சுண்ணம். அந்த விரல் அவருக்குத் தெரியும். உப்பு டப்பாவில், கதவுப் பிடியில், அவருடைய சட்டைக் காலரில் என்று வீடு முழுக்க இருக்கிற விரல்.

"இது என் வீட்டுக்காரி விரலாச்சே!"

கடைக்காரர் அதிரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஃபேனை இவர் பக்கம் திருப்பினார்.

"உட்காருங்க அண்ணே. தண்ணி குடிங்க. நீங்க வாங்கிட்டுப் போவீங்க. நாலு நாள்ல அக்கா கொண்டுவந்து திருப்பிக் குடுத்துடுவாங்க. அவ்வளவுதான்."

"நானா? நான் எப்ப வாங்கினேன்?"

"இதுக்கு முன்னால அஞ்சு தடவை அண்ணே."

பாக்கெட்டை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்தார். குடையையும் அங்கேயே விட்டார். தெரு முனையில், வீடு இடது பக்கமா வலது பக்கமா என்று கால் நின்றுவிட்டது. செருப்பைச் சரிசெய்கிறவர்போல் குனிந்துகொண்டார். பயமாக இருந்தது. அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற பால்காரர் வண்டி இடது பக்கம் திரும்பியது. அதன் பின்னாலேயே நடந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது பயம் கோபமாகியிருந்தது.

"அஞ்சு தடவை! அஞ்சு தடவை என்னை ஏமாத்தியிருக்க!"

"ஆமாங்க."

"ஆமாவா? கொஞ்சமாவது மறுத்துப் பேசுடி!"

"என்னத்த மறுக்க? ரேமைப் போட்டா பிளேன் இறங்கிடும். பிளேன் இறங்கினா டெஸ்டுக்குப் போவீங்க."

"போனா என்ன? ஃபெயில் ஆயிடுவேன்னு பயமா?"

"பாஸ் பண்ணிடுவீங்கன்னு பயம்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அரை மணி நேரம்தானே டெஸ்ட். அரை மணி நேரம் நீங்க ராஜா. பஸ்ஸைக் குடுத்துடுவாங்க. மறுநாள் நாற்பது பேர் ஏறுவாங்க."

"பிரேக் கோளாறுன்னு நான் சொன்னேனே..."

"கண்டக்டர் தம்பி அன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டார். அழுதுட்டார்."

டிரைவர் தையல் மிஷினைப் பார்த்தார். "அப்ப அந்தச் சபதம்?"

"பிளேனையே இறக்கறவருக்குப் பஸ் எம்மாத்திரம்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். மிஷின்ல அடிச்சதுதான் உங்க யோசனை."

மூன்று மாதமாக அவளுக்குத் தெரியக்கூடாது என்று நடித்திருக்கிறார். தெரியாதவள்போல் அவள் அதைவிட நன்றாக நடித்திருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

"இனிமே உன் ஜம்பம் பலிக்காது. நாளைக்கே வாங்கிட்டு வந்து நானே மாட்டறேன். பார்த்துக்கிட்டே இரு!"

"சரிங்க." அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

டிரைவர் தன்னை நன்றாக அறிந்தவர். நாளைக்கு இது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் எழுதிவைத்ததை யார் அழிக்க முடியும்? மனைவி தையல் அளவு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைச் சத்தமில்லாமல் கிழித்தார். 'ரேமை இவள் கடையில் திருப்பிக் கொடுக்கிறாள். வாங்கியதும் மாட்டு. இவளை நம்பாதே' என்று எழுதி நான்காக மடித்தார். எங்கே வைப்பது? ஷாக் அடிக்கும் என்று அவள் விரல்கூட வைக்காத இடம் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே அடிச்சந்தில் தாளைச் செருகினார்.

போகவில்லை. என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது.

விரலை விட்டு இழுத்தார். நான்காக மடித்த தாள் ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. மொத்தம் நாலு. எல்லாம் அளவு நோட்டுத் தாள், எல்லாம் அவர் கையெழுத்து. நாலிலும் 'இவளை நம்பாதே'. ஒன்றில் அதற்கு அடிக்கோடு வேறு.

நாலையும் மடியில் வைத்துக்கொண்டு, ஐந்தாவதைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இடம் இல்லேன்னா பழசையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு வைங்க."