நடந்து வந்தவர் உட்கார்ந்திருக்கிறார்

உலகத்தில் நடப்பவர்கள், நடக்காதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? விவரம் தெரியாத ஆளய்யா நீங்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘நடந்து வந்தவர்’. இவர் இப்போது நடப்பதில்லை. இனிமேலும் நடப்பதாக உத்தேசம் இல்லை. ஆனால் நடந்தார் என்பதை நீங்கள் மறக்க விடவே மாட்டார்.

ஊர் ஊராகக் கால்நடையாய் வந்து, கடல் குறுக்கிட்டதால் வேறு வழியில்லாமல் நின்றுபோன இவரை, கடற்கரைக் கிராமங்களின் கடைசித் தெருவில் பார்க்கலாம். தங்கும் விடுதியின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், எதிர் நாற்காலியில் அவருடைய கால்கள், குதிகாலில் பிளாஸ்திரி, போகிற வருகிறவர்கள் தவறாமல் தடுக்கி விழுகிற இடத்தில் அவருடைய ஷூக்கள். யாராவது தடுக்கினால் போதும், கதை ஆரம்பித்துவிடும்.

“வெயில் அதிகம்” என்று சொல்லிப் பாருங்கள். “இதெல்லாம் ஒரு வெயிலா? அந்த மேட்டுல ஏறுறப்ப அடிச்சுது பாருங்க!” என்பார். சரி, பேச்சை மாற்றலாம் என்று உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தைச் சொல்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்பார். சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். “அந்த ஊரா? அது வழியாத்தானே நடந்து வந்தேன். நாய்த் தொல்லை ஜாஸ்தி. யோசிச்சுச் செய்யுங்க.”

நான் பார்த்தவர் பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விடுதியில் எனக்கு அடுத்த அறை. காலமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தே இருந்த மனிதர் கிளம்பியபோது, அவருடைய மைத்துனர் குடும்பமே கேட்கும்படி, “பாதியில திரும்பிடுவாரு பாருங்க” என்று சொல்லிவிட்டாராம். அந்த ரோஷம்தான் இவரை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. வெற்றியோடு போனால் அந்த வாயை அடைக்கலாம். இல்லையென்றால், சாகிற வரைக்கும் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இதே பேச்சுதான்.

இந்த நடைக்கு இரண்டே சட்டம். சக்கரம் வைத்த எதிலும் ஏறக் கூடாது. தெருக்கோடியில், கடலுக்கு முன்னால் நட்டிருக்கும் கல்லைக் கையால் தொட வேண்டும். தொட்டால்தான் நடை முடிந்ததாகக் கணக்கு.

மனிதர் தொட்டாரா? கேளுங்கள் கூத்தை! தெருவுக்குள் நுழைந்ததும் கல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நேரே போய்த் தொட்டிருக்கலாம். ஆனால் தாடியும் வியர்வையுமாகப் போட்டோவில் நிற்பதா? குளித்து, சவரம் செய்து, இதற்கென்றே பையின் அடியில் வழியெல்லாம் சுமந்து வந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொடலாம் என்று, ஷூவைக் கழற்ற விடுதி வாசலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதுவரை வாயில்லாப் பூச்சியாக வந்த கால்கள் அந்த நிமிஷமே வேலைநிறுத்தத்தில் இறங்கின.

மறுநாள் கேட்டால் “நாளைக்கு” என்றார். அந்த ‘நாளை’ வந்தால் மேகமூட்டம், போட்டோ சரியாக வராது. அடுத்த நாள் சட்டை கசங்கிவிட்டது. இதற்கிடையில் ஊர் முழுக்க “முடிச்சுட்டேன்” என்று சொல்லியாகிவிட்டது!

“சார், ஃபேன் சுவிட்ச் உங்க தலைக்கு மேலதான் இருக்கு” என்பார் விடுதிக்கார அம்மா.

“கொஞ்சம் போட்டு விடுங்கம்மா. நான் நடந்து வந்தவன்.”

மீனுக்கு ஐஸ் கொண்டுபோகிற வண்டிக்காரர் மனசு கேட்காமல், “ஏறுங்க சார், கல்லுகிட்ட இறக்கி விடறேன்” என்றார்.

“சக்கரத்துலயா? நானா?” என்று சீறினார் நம்மவர். வண்டி தெரு திரும்பியதும், “அது மறுபடி எப்பம்மா வரும்?” என்று விடுதிக்கார அம்மாவிடம் மெல்லக் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

மைத்துனர் விடுகிற ஆளா? தினமும் போன்.

“மச்சான், கல்லத் தொட்ட போட்டோ எங்க?”

“அனுப்பறேம்ப்பா. இங்க டவர் இல்ல.”

“டவர் இல்லாமத்தான் பேசிட்டிருக்கீங்களா?”

கடைசியில் அவருடைய மனைவியே பஸ் ஏறி வந்துவிட்டார், கையோடு அழைத்துப் போக. சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

“எங்கங்க அந்தக் கல்லு?”

“அதோ.”

“அதுக்கா இத்தனை நாளு?” என்று அந்த அம்மாள் கடலைப் பார்க்கக் கிளம்பினார். “நீ போ, பின்னாலயே வரேன்” என்றார் இவர். வரவில்லை.

திரும்பி வந்த மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒரே மணலுங்க. அந்தக் கல்லத்தான் பிடிச்சுக்கிட்டு செருப்ப உதறினேன்” என்றார். “தம்பி வீடியோவுல கூப்பிட்டான். அவனுக்கும் காட்டிட்டேன்.”

நம்மவர் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது. மறு நிமிஷம் நாற்காலியின் கைகளைப் பிடித்தார், பல்லைக் கடித்தார், எழுந்தே விட்டார்! “விடுங்க சார், இன்னிக்குத் தொட்டே தீருவேன்!” விடுதிக்கார அம்மா கைதட்டினார். ஓர் அடி. இன்னோர் அடி. ‘சபாஷ்’ என்று நானே கத்திவிட்டேன்.

அப்போது தெருவின் மறுகோடியில் ஹாரன் கேட்டது.

“ஏங்க, பஸ்ஸு! கூட்டமா வேற இருக்கு!”

ஓடினார் ஐயா, ஓடினார். கல்லை நோக்கியா? அதற்கு நேர் எதிர்த்திசையில்! பையை விட்டுவிட்டு, பெண்டாட்டியை விட்டுவிட்டு, வெறுங்காலோடு பிளாஸ்திரி பறக்க ஓடி, ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் மூன்று சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, நாலாவதை பீரோவால் மறைத்து வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இந்தக் கட்டுரையிலும் இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி. அதற்குள் யாரது, கண்ணாடியைக் கழற்றி வைப்பது?