பெரியப்பா கோபம்: பத்து நிமிடம்

எதையும் நிமிடக் கணக்கில் பட்டியல் போடாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் அட்டவணை போடுகிறவன் நான். அந்தத் திமிரில்தான் அக்கா கல்யாணத்துக்கு அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் என் பொறுப்பு என்று மார்தட்டினேன்.

நிரலில் இரண்டு தயாரித்தேன். விருந்தினருக்கு ஒன்று, எனக்கு மட்டும் ஒன்று. என்னுடையதில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘9.30 – பெரியப்பா கோபித்துக்கொள்ளுதல் (10 நிமிடம்).’ அவர் கோபிக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு தாலியும் ஏறியதில்லை. (ஒரு கல்யாணத்தில் தேநீர் ஆறிப்போனதற்கு, இன்னொன்றில் அது சுட்டுவிட்டதற்கு.) அப்பா இல்லாததால் அக்காவைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். அவர் கோபத்துக்கும் நேரம் ஒதுக்கிய என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் கை தவறி அனுப்பியது என்னுடைய நிரலை. அச்சடித்து வந்த கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று உலு திராம் மண்டப வாசலில், சந்தனம் கற்கண்டோடு ஐந்நூறு பேர் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆளாளுக்குச் சிரிப்பதைக் கண்டுதான் ஒன்றை வாங்கிப் படித்தேன். அந்த 9.30 வரி அப்படியே அச்சாகியிருந்தது. முன்வரிசையில் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அலமாக், என்னடா செஞ்சி வச்சிருக்க? அவரு எழுந்து போயிட்டா யாருடா தாரை வார்க்கிறது?” என்றார் அம்மா. மணமேடையிலிருந்து அக்கா பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன்.

ஒன்பதரை ஆனது. மண்டபமே கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பெரியப்பா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மன்னிச்சிருங்க பெரியப்பா. அக்காவுக்காக வாங்க.”

“இருடா. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு லா.”

“ரொம்பக் கோவமா பெரியப்பா?”

“இன்னிக்குக் கோவமே வரல. அச்சடிச்சுக் கொடுத்துட்டியே, வந்தவங்க ஏமாந்து போயிருவாங்கல்ல?”

சரியாக 9.40க்கு உள்ளே வந்தார். மண்டபம் கைதட்டியது. தாரை வார்க்கும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். அதற்கு நான் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

போன வருடம் என் கல்யாணம். மரியாதை கருதி அந்த வரியை எடுத்துவிட்டேன். வாசலிலேயே நிரலைப் படித்த பெரியப்பா, “என்னோடத ஏன்டா எடுத்த?” என்று கேட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சமாதானப்படுத்தி அழைத்துவர முக்கால் மணி நேரம் பிடித்தது. (முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது தாலி கட்டினேன். என் மாமியார் இன்னும் அதை மறக்கவில்லை.)

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் நிரலில் அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறோம். வருகிற தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். இந்த முறை பெரியப்பா பதினைந்து நிமிடம் கேட்கிறார்.