சாகக் கிடந்த பட்டரி

நம்மிடையே ஓர் இனம் உண்டு. "தெரியாது" என்ற சொல் மட்டும் அதன் வாயில் வராது. மாடு ஏன் பால் தரவில்லை, மழை ஏன் இரணைமடுக் குளத்தோடு நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் பல்லுக்கொதி, எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்கும். கேட்காவிட்டால்? அப்போதும் சொல்லும்.

வவுனியாவில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தவராசா.

தொண்ணூற்றெட்டில், தீபாவளி நெருங்கும் நேரம், புடைவைக்கடை நடராசா கள்ளருக்குப் பயந்து கொழும்பிலிருந்து ஓர் அலாம் வாங்கிப் பூட்டினார். கள்ளன் வரவில்லை. அலாம் மட்டும் பட்டப்பகலில் ஊளையிட்டது. போர் நடந்த அந்தக் காலத்தில் வவுனியாவில் அப்படியொரு சத்தம் கேட்டால் யார் நின்று யோசிப்பார்கள்? தெருவே குப்புற விழுந்தது. சைக்கிளில் வந்தவர் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனார். சேலை தெரிவுசெய்துகொண்டிருந்த பெண்கள் சேலைகளுக்கு அடியில் போனார்கள். சந்தியிலிருந்த சென்றிக் காவலரணிலிருந்து ஆமிக்காரர் ஓடிவந்தார்கள்.

"என்ன பிழையண்ணை?" என்றார் நடராசா.

"பல்லி," என்றார் தவராசா. "பல்லி ஓடினால் வயர் நடுங்கும். கள்ளனெண்டு நினைச்சுக் கத்தும்."

பல்லிகள் நாடுகடத்தப்பட்டன. அலாம் கத்தியது. "காத்து," என்றார். ஃபேன் நின்றது, வாடிக்கையாளர் வியர்த்தார்கள், அலாம் கத்தியது. "இந்தப் பொம்மையின்ர பார்வை சரியில்லை," என்றார். சேலை கட்டிய பொம்மை சுவர்ப்பக்கம் திருப்பப்பட்டது. அலாம் இன்னும் உற்சாகமாகக் கத்தியது. ஓடி ஓடிக் களைத்த ஆமி அதிகாரி, இன்னொருமுறை கத்தினால் கடைக்குப் பூட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிச் சரக்கு மலைபோலக் கிடக்க, நடராசா தலையில் கைவைத்துக் கதிரையில் விழுந்தார்.

அப்போதுதான் அவர் மனைவி சிவலட்சுமி வாய் திறந்தா.

"இஞ்சருங்கோ, கரண்ட் போகேக்கைதானே இது கத்துது? கரண்ட் இல்லாத நேரத்துக்கெண்டு உள்ளுக்கு ஒரு பட்டரி இருக்கெல்லே, அது செத்துப்போச்சோ?"

தவராசா வயிறு குலுங்கச் சிரித்தார். "செத்த பட்டரி எப்பிடித் தங்கச்சி கத்தும்?"

"முழுக்கச் சாகேல்லை அண்ணை. சாகக் கிடக்கிறவைதான் கூடக் கத்துவினம்."

வேறு வழியில்லாத நடராசா புதுப் பட்டரி வாங்கிவந்து மாற்றினார். மறுநாள், கடை நிறையச் சனம் நிற்க, கரண்ட் போனது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். இரண்டு பேர் முன்கூட்டியே படுத்துவிட்டார்கள். அலாம்? மூச்சுக்கூட விடவில்லை. நடராசா இருட்டுக்குள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோலத் துள்ளினார். சனம் கைதட்டியது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான். தங்கச்சி முந்திப்போட்டா," என்று தவராசா எழுந்து நின்று கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.

அதுசரி, வாசகரே, பட்டரியில் பிழை இருந்திராது, அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற பக்கத்தில்தான் பிழை என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறதா? தயவுசெய்து எங்கள் தெருப்பக்கம் வந்துவிடாதீர்கள். எங்களுக்கு ஒருவர் போதும்.