துறைமுகத்துக்குப் புறப்பட்ட புளி மூட்டை

ஜமுனாமரத்தூர் மூட்டைக்காரர் தன் வாழ்நாளில் ஒரு முறைகூட வெறுமனே பயணம் போனதில்லை. கல்யாணம், கருமாதி, கண் ஆபரேஷன் எதுவானாலும், மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அவருடன் ஒரு மூட்டையும் ஏறும். போகிற ஊரில் அதை விற்பார். விற்ற காசில்தான் அந்த ஊரின் செலவு நடக்கும். வீட்டிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு வெளியூர் போகிறவர்களை, குடையிருந்தும் நனைகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

நான் ஒரு நாளிதழின் நிருபராக மலையில் வேலை பார்த்தபோது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். என்னை 'பேப்பரு' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பழக்கம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. வாரச் சந்தைக்கு வருகிற மலைக்காரர்கள் சாமையோ புளியோ தேனோ கொண்டுவந்து விற்று, அந்தக் காசில் உப்பும் எண்ணெயும் துணியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மற்றவர்கள் இதைச் சந்தையோடு விட்டுவிட்டார்கள். மூட்டைக்காரர் உலகம் முழுவதற்கும் பொதுச் சட்டமாக்கிவிட்டார்.

கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். இரண்டு பலாப்பழங்களோடு போனவர், அவற்றை மாப்பிள்ளையின் தாய்மாமனிடமே விற்று, அந்தப் பணத்தையே மொய் எழுதினார். போளூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனபோது இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் ஒரே விலையில் புளி விற்றார். அவர் நடுநிலையான சாட்சி என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. வேலூரில் கண் ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஒரு கண்ணில் கட்டோடு வார்டில் தேன் விற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணு கட்டிக்கிதே, எட எப்படிய்யா பாப்பே?" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்டார்.

"எட பாக்க ஒரு கண்ணு போதும்மா. ரெண்டு கண்ணு வெச்சிருக்கறவன்தான் ஏமாத்துவான்."

இந்தப் பயணங்களில் எல்லாம் அவர் கையில் ஒரு மூட்டை. அவர் மனைவி சின்னபாப்பா அக்கா தலையில் இன்னொன்று. அக்கா ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "பேப்பரு தம்பி, நான் வேலூரு பாத்துருக்கேன், ஆரணி பாத்துருக்கேன், திருவண்ணாமல தேரு பாத்துருக்கேன். எல்லா ஊர்லயும் தரையத்தான் பாத்துருக்கேன். தலைல மூட்ட இருந்தா மேல எங்க பாக்குறது? ஒரே ஒரு ஊர்ல கைய வீசிகினு நடக்கணும். அப்பறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்."

நான் மலையை விட்டு சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆன பிறகு, அவர்களுடைய மகள் செல்வி போன் செய்தாள். சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இலங்கை போய்வரும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறாளாம்.

"நீங்களும் கூட போங்கண்ணா. தனியா வுட்டா எங்கப்பா கப்பலயே வித்துட்டு வந்துடுவாரு."

நான் என் செலவிலேயே டிக்கெட் எடுத்தேன். எனக்கு ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. கப்பலுக்குள் சாப்பாடு, படுக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். கரையில் இறங்கும் நாட்களுக்குத்தான் கைச்செலவுக்குப் பணம் வேண்டும். வீட்டுப் பணத்தைத் தொடாத மனிதர், விற்க எதுவும் இல்லாத ஊரில் இறங்கினால் என்ன செய்வார்?

செல்வி அதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள். கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இடங்களில் நிற்கும். ஆட்டோவுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பிவிட்டாள். பணத்தை அம்மாவிடம் நீட்டினாள். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"இந்த தபா நான் எதையும் தூக்க மாட்டேன். காசு கூட."

ஆகவே பணம் அப்பாவின் சட்டை உள்பைக்குப் போனது. மூட்டை எடுக்க மாட்டேன் என்று அவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டுதான் அக்கா மலையிலிருந்து இறங்கியிருந்தார்.

சென்னைத் துறைமுகத்தில் அவர்களுடைய சக்கரப் பெட்டியைச் சோதனை இயந்திரத்துக்குள் அனுப்பினார்கள். திரையைப் பார்த்த பெண் ஊழியர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே இரண்டு புடவை. கீழே இரண்டு புடவை. நடுவில் செங்கல் செங்கலாக மலைப் புளி.

"யோவ்! புடவைக்கு நடுவுல புளியா?" அக்காவின் குரலில் வரிசையே திரும்பியது. "சத்தியம் பண்ணியேய்யா!"

"மூட்ட எடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இது பொட்டி."

"நான்தான்யா இத்த இழுத்துகினு வந்தேன்!"

"அதான். இழுத்த. தூக்கலியே."

உணவுப் பொருள் ஏற்ற அனுமதி இல்லை, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னார். மூட்டைக்காரர் புளியைப் பிரிந்த விதத்தைப் பார்த்து, "தாத்தா, பத்திரமா இருக்கும்" என்று இரண்டு முறை ஆறுதலும் சொன்னார். வேண்டுமானால் அவருக்கே விலைக்குத் தருவதாக மூட்டைக்காரர் சொன்னதும், அந்தப் பெண் அடுத்த பெட்டிக்குத் திரும்பிவிட்டார்.

கப்பலில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் இருந்தார். கரைச் செலவுக்குப் போனிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். "மொத போர்ட்ல கையை அடக்கணும் சார். எல்லாரும் அங்கதான் வாரி இறைப்பாங்க. கடைசி போர்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா வெச்சுக்கணும்" என்றார். மூட்டைக்காரர் முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க. அங்க இன்னா விக்கப் போறீங்க?" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன்.

மறுநாள் கடல் கொஞ்சம் புரண்டது. மேனேஜரின் முகம் வெளுத்து, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூட்டைக்காரர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இரண்டு உலர்ந்த நெல்லிக்காய்களை அவர் வாயில் போடச் சொன்னார். அரை மணி நேரத்தில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, காபி கேட்டார். நெல்லிக்காயா, கடல் அடங்கியதா என்று நான் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் தளம் முழுவதும் செய்தி பரவி, பொட்டலம் காலியாகி, மூட்டைக்காரரின் வெளிப்பை கனத்திருந்தது. கப்பலுக்குள் விற்பனை கூடாது என்று ஓர் அதிகாரி சொல்ல வந்தார். அவருக்குக் கடைசி நெல்லிக்காய் இலவசமாகக் கிடைத்தது.

"அது எனக்கு வாந்தி வந்தா துன்றதுக்கு நான் எடுத்தாந்ததுயா!" என்றார் அக்கா.

"வாந்தி வந்துச்சா?"

"வர்ல."

"அப்ப மிச்ச சரக்குதானே?"

அம்பாந்தோட்டையில் இறங்கினோம். மற்றவர்கள் வேன்களிலும் ஆட்டோக்களிலும் ஏறிப் பறந்தார்கள். செல்வி கொடுத்த பணத்தை உள்ளூர்ப் பணமாக மாற்ற வேண்டும் என்றேன். மூட்டைக்காரர் மறுக்கவில்லை, மாற்றி வாங்கி, எண்ணி, உள்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார். பிறகு துறைமுக வாசலில் நின்றார். ஒரு மரத்தைப் பார்த்தார். ஒரு லாரியைப் பார்த்தார்.

"ஆட்டோ கூப்புடுய்யா," என்றார் அக்கா.

"காசு ஏது?"

"பொண்ணு குடுத்துச்சே?"

"அது வூட்டுக் காசு."

"நெல்லிக்கா வித்தியே, அது?"

"அது கப்பல் காசு. கப்பல்லதான் செலவு பண்ணணும்."

"கப்பல்லதான் எல்லாத்தையும் சும்மா குடுக்குறானே!"

"அதான்மே எனக்கும் ஒண்ணும் புரியல" என்று அவர் உண்மையான வருத்தத்துடன் சொன்னார்.

ஆட்டோவுக்கு நான் கொடுக்கிறேன் என்றேன். "உன் காசுல நாங்க ஊரு பாத்தா, அது நீ பாத்த ஊரு" என்றார் மூட்டைக்காரர். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு மூவரும் கப்பலுக்குத் திரும்பினோம்.

அக்கா அன்று சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கி நான் எறங்கல. கப்பல்லயே கைய வீசிக்கிறேன்," என்றார். மூட்டைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சோற்றைப் போட்டு மூடிக்கொண்டார்.

திருகோணமலை வந்ததும் அவரே போய்க் கூப்பிட்டார். "வாமே. நம்ப பாஷ பேசற ஊராம். ஏதாவது வழி பண்றேன்." அக்கா வந்தார், ஆனால் தலை குனிந்தே வந்தார்.

வழி என்றால் சந்தைதான். சந்தைக்குப் பழகிய மாடுபோல அவர் கால்கள் நேராக அங்கே போயின. ஒரு புளிக் கடை முன் நின்றன. கடைக்கார அம்மாள் சிரித்தார். "இந்தியாவில இருந்தோ ஐயா? என்ன வேணும்?"

மூட்டைக்காரர் புளியைக் கிள்ளி, நாக்கில் வைத்து, கொட்டை எடுக்காமல் விற்பதைக் கண்டித்தார். தான் உட்கார்ந்து கொட்டை எடுத்துத் தருவதாகவும் அதற்குக் கூலி கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கு ஆள் இருக்கு ஐயா" என்றார் கடைக்கார அம்மாள்.

அப்போது ஓர் இளைஞர் முதுகில் மூட்டையோடு வந்து இறக்கினார். அம்மாள் பெட்டியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கி எண்ணிக்கொண்டு போனார்.

"அவுருக்கு எதுக்கு காசு?" என்றார் மூட்டைக்காரர்.

"மூட்டை தூக்கினதுக்குத்தான்."

"யாரு அவுரு?"

"என்ட மருமகன்."

"வூட்டு ஆளுக்குமா கூலி?"

"குடுக்காட்டி நாளைக்கு வரமாட்டார் ஐயா!"

மூட்டைக்காரர் இறக்கி வைத்த மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். ஒரு மூட்டைக்கு இந்த ஊரில் என்ன கூலி என்று கேட்டார். அம்மாள் சொன்னார். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. விரல்களை மடக்கினார், விரல்கள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து மடக்கினார். இரண்டாம் சுற்றும் முடிந்தபோது அவர் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. ஆயுள் முழுவதும் எல்லா ஊரிலும் கணக்கு நேர் செய்து வந்த மனிதர், ஒரு செலவை எந்த ஊரிலும் எழுதவில்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

உள்பையின் பொத்தானைக் கழற்றினார். மூன்று துறைமுகத்துப் பணத்தையும் மொத்தமாக எடுத்து நீட்டினார்.

"இந்தாமே."

"இன்னா இது?"

"உன் செமக்கூலி. வேலூரு, ஆரணி, போளூரு, அல்லா ஊர்லயும் நீ தூக்குனது. அங்கங்கயே குடுத்துருக்கணும். சேந்து போச்சு."

அக்கா பணத்தைப் பார்த்தார். கடைக்கார அம்மாளைப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"மிச்சம் கீது."

"எவ்ளோ?"

மூட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். "நெறய."

அக்கா பணத்தைத் தொடவில்லை. "நீயே வெச்சிகினு பின்னால வா. நான் கேக்கறப்ப குடு" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டுத் தெருவில் இறங்கினார். இரண்டு கைகளையும் முதலில் கொஞ்சமாகவும், சந்தை தாண்டியதும் தாராளமாகவும் வீசி நடந்தார். கடைப் பலகைகளைப் பார்த்தார். மாடி வீட்டு ஜன்னல்களைப் பார்த்தார். கடற்கரைப் பக்கம் திரும்பியதும் தெரு நடுவில் புள்ளிமான்கள் பயமில்லாமல் மேய்வதைக் கண்டு, "தோ பாருய்யா, ஊருக்குள்ள மானு!" என்று கூவினார். ஒரு வண்டியில் இளநீர் கேட்டார், பின்னாலிருந்து பணம் வந்தது. கோயிலுக்குப் பூ கேட்டார், பணம் வந்தது. வளையல், மாலுபான் என்று அங்கே சொல்லும் மூன்று மூலைத் தின்பண்டம், செல்வியின் பையனுக்கு ஒரு பொம்மைப் படகு. விலை கேட்ட ஒவ்வொரு முறையும் மூட்டைக்காரரின் நெற்றி சுருங்கியது. ஆனாலும் கை உள்பைக்குப் போனது.

குன்றின்மேல் கோயில் தெரிந்தது. ஏற்றம் நீளமாக இருந்தது. நான் ஓர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை வீச்சோடு மேலே போய்க்கொண்டிருந்தார். மூட்டைக்காரர் ஆட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அக்கா பின்னால் நடந்தார். நான் ஆட்டோவை அனுப்பிவிட்டு, மூட்டைக்காரரின் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன்.